மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதுமா? வர்ஜீனியாவின் வேலைப் பயிற்சிச் சட்டம் பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவரின் தம்பி கிரீன் கார்டோடு வர்ஜீனியாவில் இருக்கிறார்; ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. லாரி ஓட்டக் கற்று உரிமம் எடுக்கலாம் என்று பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் பட்டமும் தொழிற்பயிற்சியும் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) விசாரித்திருக்கிறார். "கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் கட்டினால் போதும், மீதியை மாநில அரசு தந்துவிடும், அதற்குச் சட்டமே இருக்கிறது" என்றார்களாம். இது உண்மையா, உள்ளே ஏதாவது சிக்கல் ஒளிந்திருக்கிறதா, லாரி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கெல்லாம் ஒரு மாநில அரசு ஏன் பணம் தர வேண்டும், மற்ற மாநிலங்களிலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் உங்கள் தம்பி கையெழுத்துப் போடப்போகும் தாளில் ஒரு வரி இருக்கும். அதைப் புரிந்துகொண்டு போட வேண்டும். இதே மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த மாதிரிச் சட்டம் வந்தால் எல்லாரும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பார்ப்பது வேறு. பணம் எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது? ஆள் பாதியில் நின்றுவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? சட்டத்தை எழுதியவர்கள் யோசித்து எழுதினார்களா, பேருக்கு எழுதினார்களா என்பது அங்கேதான் தெரியும்.

மாநில அரசு ஏன் இதில் இறங்கியது என்பதிலிருந்து வருவோம். அமெரிக்காவில் வசதியில்லாத மாணவருக்கு மத்திய அரசு தரும் பெரிய உதவி பெல் கிராண்ட். 1970களிலிருந்து இருக்கிறது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டுகளாக அதற்கு ஒரு விதி: தொழிற்பயிற்சி என்றால் குறைந்தது 15 வாரம், 600 மணி நேரம் இருக்க வேண்டும். ஆக, நான்கு ஆண்டு தத்துவம் படிக்கிறவருக்கு உதவி உண்டு. ஆறு வாரத்தில் உரிமம் எடுத்து அடுத்த மாதமே சம்பளம் வாங்கப் போகிறவருக்குக் கிடையாது. தத்துவத்தின் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. விதி அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

அது போக, கம்யூனிட்டி காலேஜ்களுக்குள்ளேயே இரண்டு உலகம் உண்டு. பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடங்கள் ஒரு பக்கம்; அவற்றுக்கு அரசு மானியம், மாணவருக்கு உதவித்தொகை எல்லாம் இருக்கும். பட்டக் கணக்கில் சேராத குறுகிய காலப் பயிற்சிகள் இன்னொரு பக்கம். லாரி, வெல்டிங், மருத்துவமனை உதவியாளர், மின்கம்பி வேலை எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். இவற்றுக்கு ஆகிற முழுச் செலவையும் சேர்கிறவரே கட்ட வேண்டியிருந்தது. சில ஆயிரம் டாலர். மணிக்கூலிக்கு வேலை செய்கிறவர் கையில் அது ஒரே நாளில் இருக்காது. வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசின் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சிக் கட்டணத்துக்கான வவுச்சர் கிடைக்கும்தான். ஆனால் அதற்குத் தகுதி காட்டி, ஆவணம் கொடுத்து, அலுவலகத்துக்கு நடந்து முடிப்பதற்குள் வகுப்பு தொடங்கிவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் வர்ஜீனியா 2016 இல் சட்டம் கொண்டுவந்தது. பெயர் கொஞ்சம் பந்தாவானது: நியூ எகானமி ஒர்க்ஃபோர்ஸ் கிரெடென்ஷியல் கிராண்ட். கல்லூரிகள் இதை ஃபாஸ்ட்ஃபார்வர்டு என்ற பெயரில் நடத்துகின்றன. மாநிலத்தின் 23 கம்யூனிட்டி காலேஜ்களிலும் உண்டு. அப்போது ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப், ஜனநாயகக் கட்சிக்காரர். சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. எதிரும் புதிருமான இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் இது. வேலைப் பயிற்சி என்ற சொல்லை எதிர்த்து ஓட்டுக் கேட்க எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பணம் கொடுக்கும் முறை.

அதைச் சொல்கிறேன். கட்டணத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள். கணக்குக்கு வசதியாக ஒரு வகுப்பு 4,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேரும்போது மாணவர் 1,500 கட்டுகிறார். பயிற்சியை முழுசாக முடித்ததும் மாநில அரசு கல்லூரிக்கு 1,500 தருகிறது. அப்புறம் அந்தத் துறையின் தேர்வெழுதி உரிமமோ சான்றோ வாங்கினால்தான் கடைசி 1,500 ஐ அரசு கொடுக்கும். சட்டம் வந்தபோது ஒருவருக்கு அரசு தரும் தொகைக்கு 3,000 டாலர் என்று உச்சவரம்பும் வைத்தார்கள்.

சரி, எல்லாம் நல்லபடியாக நடக்காவிட்டால்? அதுதான் நான் சொன்ன அந்த வரி. பாதியில் நின்றுவிட்டால், அரசு தந்திருக்க வேண்டிய இரண்டாவது பங்கையும் மாணவரே கட்ட வேண்டும். அதாவது 1,500 கட்டிச் சேர்ந்தவர், மூன்றாவது வாரத்தில் வராமல் போனால், மொத்தம் 3,000 கட்ட நேரிடும். கல்லூரிக்கும் நஷ்டம் உண்டு, கடைசிப் பங்கு வராது. மாணவர் வகுப்பை முடித்துவிட்டார், ஆனால் தேர்வில் தேறவில்லை என்றால் அவருக்குக் கூடுதல் செலவு இல்லை; அங்கே கையைச் சுட்டுக்கொள்வது கல்லூரிதான். அரசு, ஆள் முடிக்கும்வரை ஒரு காசும் எடுத்து வைப்பதில்லை.

இதில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். வழக்கமாக அரசுப் பயிற்சித் திட்டங்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணிக்கைக்குத்தான் பணம் போகும். அப்புறம் பெயர்ப்பட்டியல் நீளும், நாற்காலி காலியாக இருக்கும். இந்தியாவிலும் இதை உணர்ந்துதான் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களுக்கு 2015 இல் பொது விதிமுறை கொண்டுவந்து, தொடக்கத்தில் 30 சதவீதம், சான்று பெற்றதும் 50 சதவீதம், வேலையில் சேர்ந்த பிறகு 20 சதவீதம் என்று பிரித்தார்கள். அங்கே மாணவர் எதுவும் கட்ட வேண்டாம், நிறுவனத்துக்கு முன்பணம் உண்டு. வர்ஜீனியாவில் மாணவரும் ஒரு பங்கு போடுகிறார், கல்லூரிக்கு முன்பணம் அரசிடமிருந்து வராது. அதனால் கல்லூரிக்காரன் சும்மா இருக்க முடியாது. ஒரு மாணவர் இரண்டு நாள் வராவிட்டால் எங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி போகும். கார் நின்றுபோனதா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா, மேலாளர் ஷிப்டை மாற்றிவிட்டாரா என்று கேட்போம். அக்கறை ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் முடிக்காவிட்டால் எங்கள் கணக்கிலும் துண்டு விழும்.

சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயிற்சியை முடிக்கிறார்கள் என்பது கல்லூரி நிர்வாகம் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. கம்யூனிட்டி காலேஜ் உலகத்தில் இது அசாதாரணமான எண்ணிக்கை. இரண்டாண்டுப் பட்டத்துக்குச் சேர்கிறவர்களில் பாதிப் பேர்கூட உரிய காலத்தில் முடிப்பதில்லை. ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் என்பதால் வாழ்க்கை குறுக்கே வந்து விழ நேரம் குறைவு என்பதும் உண்மைதான். முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது.

இந்த முறையில் ஒரு குறையும் இருக்கிறது. நஷ்டத்துக்குப் பயப்படும் கல்லூரி, தேறிவிடுவார் என்று தெரிந்தவர்களை மட்டும் சேர்க்க நினைக்கும். ஆங்கிலம் தடுமாறுகிறவர், பள்ளியைப் பாதியில் விட்டவர், சிறையிலிருந்து வந்தவர் எல்லாம் பயமுறுத்தும் விண்ணப்பங்கள் ஆகிவிடுவார்கள். பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் இவர்கள். மாணவர் போடும் அந்த மூன்றில் ஒரு பங்கே பலருக்குப் பெரிய தொகை. வருமானம் குறைந்தவர்களுக்கு அதிலும் பெரும்பகுதியைக் குறைக்கத் தனி உதவி நிதி உண்டு. உங்கள் தம்பி கட்டாயம் அதைக் கேட்க வேண்டும். கேட்காதவருக்குத் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நான் சொல்லக்கூடாது, ஆனால் கேட்பது நல்லது.

அடுத்தது, எந்தச் சான்றுக்குப் பணம் தருவது என்ற கேள்வி. கேட்க எளிதாக இருக்கிறது, இந்தச் சட்டங்கள் எல்லாம் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்காவில் பட்டம், பட்டயம், உரிமம், சான்று, பேட்ஜ் என்று எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதாக கிரெடென்ஷியல் என்ஜின் என்ற அமைப்பு 2022 இல் கணக்கெடுத்துச் சொன்னது. 10 லட்சம் பேருக்கு என்று படித்துவிடாதீர்கள். 10 லட்சம் வகை. இவற்றில் வேலை கொடுப்பவர் மதிப்பது எது, சுவரில் மாட்ட மட்டும் ஆவது எது என்று ஒரு 19 வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? வர்ஜீனியாவில் ஆள் தேவை அதிகமுள்ள வேலைகளின் பட்டியலை மாநிலத்தின் தொழிலாளர் மேம்பாட்டு வாரியம் வெளியிடுகிறது. அதில் வருகிற வேலைகளுக்கான பயிற்சிக்குத்தான் இந்த நிதி.

நல்ல சான்று எப்படி இருக்கும் என்பதற்கு வெல்டிங்கைச் சொல்லலாம். அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் தேர்வில் கேள்வித்தாளைவிட இரும்புத் தகடுதான் முக்கியம். இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைக்கச் சொல்வார்கள். முதலில் கண்ணால் பார்ப்பார்கள். அப்புறம் பற்றவைத்த இடத்தைப் பட்டையாக அறுத்து, மேடு தெரியாமல் அரைத்து, அழுத்து இயந்திரத்தில் வைத்து ஆங்கில யு எழுத்துப் போல வளைப்பார்கள். உள்ளே கசடு சிக்கியிருந்தாலோ, இரும்பு சரியாக உருகி ஒட்டாமல் இருந்தாலோ, வளைந்த பக்கத்தில் வாய் பிளந்துவிடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு பிளவு தெரிந்தால் தேறவில்லை என்று பொருள். வேலைக்கு எடுக்கும் தொழிற்சாலையும் ஏறக்குறைய இதே சோதனையைத்தான் செய்யும். அதோடு, அந்தத் தொழிலில் தொடர்ந்து வேலை செய்துவருகிறார் என்பதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆதாரம் காட்டாவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும். இப்படிப்பட்ட சான்றுக்கு அரசு பணம் கொடுத்தால் அது வீணாகாது.

இதற்கு நேர்மாறான கதை பள்ளிக்கூடங்களில் நடந்தது. ஃபுளோரிடா 2007 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தொழில்துறைச் சான்று வாங்கினால் பள்ளிக்குக் கூடுதல் நிதி என்றது. பின்னால், மாணவர் வாங்கும் ஒவ்வொரு சான்றுக்கும் ஆசிரியருக்கு 25 அல்லது 50 டாலர் போனஸ் என்றும் சேர்த்தார்கள். எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. ஆனால் எது ஏறியது? எல்லாப் பள்ளியிலும் இருக்கும் கணினியிலேயே நடத்தக்கூடிய, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மாதிரியான சான்றுகள்தான் பெருமளவில். நாடு முழுவதும் பல மாநிலங்கள் இதே வழியில் போன பிறகு, 2019 இலும் 2020 இலும் வந்த ஆய்வறிக்கைகள் பள்ளி மாணவர் வாங்கிய சான்றுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவைதான் வேலை கொடுப்பவர்கள் விளம்பரத்தில் கேட்கும் சான்றுகள் என்று காட்டின. ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தலைக்கு இவ்வளவு என்று எழுதிவைத்தால், எளிதான தலையைத்தான் யாரும் எண்ணுவார்கள்.

டெக்சாஸ் 2023 இல் கொஞ்சம் கடுமையான சட்டம் போட்டது. ஹவுஸ் பில் 8 என்பார்கள். அதுவரை அங்கே கம்யூனிட்டி காலேஜ்களுக்கு, மாணவர் வகுப்பில் உட்காரும் மணிக்கணக்கை வைத்துப் பணம் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் மதிப்புள்ள சான்றுகளை எத்தனை பேருக்கு வாங்கித் தந்தீர்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பகுதி என்றார்கள். மதிப்புள்ளது என்றால்? அதைப் படித்தவர், படித்த செலவையும் படித்த காலத்தில் இழந்த வருமானத்தையும் ஈடுகட்டி, பள்ளிப் படிப்போடு நின்றவரைவிடக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முன்னால் போயிருக்க வேண்டும். சம்பளத் தரவை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இது சரியான திசை என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தயக்கம்: சம்பளம் குறைவாக இருந்தாலும் சமூகத்துக்குத் தேவையான வேலைகள் இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் கூட்டம் சேரும் வகுப்புகளில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கனரக லாரி. மற்றது முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் நோயாளியைக் குளிப்பாட்டி, எழுப்பி உட்கார வைத்து, சாப்பாடு ஊட்டும் நர்சிங் உதவியாளர் வேலை. இரண்டும் சில வாரப் பயிற்சிதான். உதவியாளருக்கு மத்திய அரசு கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம். 2023 இல் நாடு தழுவிய நடுத்தரச் சம்பளம் கனரக லாரி ஓட்டுநருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 54,000 டாலர், உதவியாளருக்கு 38,000 டாலர் அளவு. முன்னதில் பெரும்பாலும் ஆண்கள், பின்னதில் பெரும்பாலும் பெண்கள். வர்ஜீனியா திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர்கள், சான்று பெற்றவரின் வருமானம் சராசரியாக மூன்று மாதத்துக்கு சுமார் 1,000 டாலர் கூடியது என்றும், துறைக்குத் துறை இதில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்றும் கண்டார்கள். சராசரியை மட்டும் சொல்லி விளம்பரம் செய்கிறவர்களிடம் எந்தத் துறையின் சராசரி என்று திருப்பிக் கேளுங்கள். உதவியாளர் சான்று தன்னளவில் பெரிய சம்பளம் தராது. அதை வைத்து அடுத்த படியான எல்.பி.என். நர்ஸ் படிப்புக்குப் போகிறவருக்குத்தான் அது லாபம். அந்த அடுத்த படிக்கு இந்தச் சட்டத்தில் பணம் இல்லை.

அதற்குத்தான் 2021 இல் ஆளுநர் ரால்ஃப் நார்தம் காலத்தில் ஜி3 என்ற இன்னொரு சட்டத்தை வர்ஜீனியா கொண்டுவந்தது. சுகாதாரம், தகவல் தொழில்நுட்பம், குழந்தைக் கல்வி, பொதுப் பாதுகாப்பு, கைத்தொழில் ஆகிய ஐந்து துறைகளில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை, குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு மாநிலம் ஏற்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டணம் அல்ல. முழு பெல் கிராண்ட் பெறும் அளவுக்கு வறுமையில் இருக்கும் மாணவருக்கு, செமஸ்டருக்கு 900 டாலர் வரை கைச்செலவுக்கும் தர அந்தச் சட்டம் வழி செய்தது.

ஏன் அது முக்கியம் என்றால், டென்னசியைப் பாருங்கள். 2014 இல் ஆளுநர் பில் ஹஸ்லம் கையெழுத்திட்ட டென்னசி பிராமிஸ் சட்டம்தான் அண்மைக் காலத்தில் ஒரு மாநிலம் முழுவதும் கம்யூனிட்டி காலேஜைக் கட்டணமில்லாமல் ஆக்கிய முதல் சட்டம். லாட்டரி வருமானத்திலிருந்து பணம். செமஸ்டருக்கு 8 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். பள்ளி முடித்து வருகிறவர்களுக்கு அது. பெரியவர்களுக்கு 2018 இலிருந்து டென்னசி ரீகனெக்ட். ஆனால் இவை மற்ற உதவியெல்லாம் போக மீதியைத் தருகிற திட்டங்கள். பரம ஏழைக்கு பெல் கிராண்டே கட்டணத்தை ஏற்கெனவே அடைத்துவிடும். அவருக்கு மாநிலத்திடமிருந்து வருவது கிட்டத்தட்ட பூஜ்யம். அவரைத் தடுப்பது பெட்ரோல், வாடகை, குழந்தைக் காப்பகம். நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் காசாகப் பலன். இருந்தாலும் "இலவசம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டு, விண்ணப்பிக்கவே துணியாத ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

மற்ற மாநிலங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கன்சாஸ் 2021 இல் கொண்டுவந்த சட்டப்படி உதவி வாங்கிப் படித்தவர் இரண்டாண்டு அந்த மாநிலத்திலேயே இருந்து வேலை பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உதவி கடனாக மாறிவிடும். நம் ஊரில் சொல்கிற பாண்டுதான். ஃபுளோரிடா அதே ஆண்டில், படித்து முடித்து ஆறு மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தைக் கல்லூரிகள் குறைந்தது மூன்று படிப்புகளுக்காவது வைக்க வேண்டும் என்றது. எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பது கல்லூரி. தங்கள் ஊரில் ஆள் கிடைக்காமல் அல்லாடும் வேலைகளுக்கான படிப்புகளைத்தான் எந்தப் புத்திசாலியும் தேர்ந்தெடுப்பான். தலைப்புச் செய்திக்கு அழகான சட்டம், வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. அமெரிக்க மாநிலங்களில் திட்டத்தை உருவாக்கும் சட்டம் வேறு, அதற்குப் பணம் ஒதுக்கும் பட்ஜெட் வேறு. முதலாவது நிறைவேறினால் ஆளுநர் பேனாவோடு படம் எடுத்துக்கொள்வார். இரண்டாவதில் தொகை குறைந்தால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். பெல் கிராண்டுக்கு இருப்பது போல, தகுதி இருந்தால் கட்டாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் வர்ஜீனியாவின் இந்தப் பயிற்சி நிதிக்குக் கிடையாது. நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டால் அடுத்த ஜூலை வரை காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் தம்பி சேர்வதென்றால் இலையுதிர் கால வகுப்புக்கு முயல்வது நல்லது.

இனி அவர் விஷயம். லாரிக்கான உரிமத்தை சி.டி.எல். என்பார்கள். 2022 பிப்ரவரி 7 முதல் மத்திய அரசின் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் படித்தவர்தான் முதல் முறையாக அந்தத் தேர்வுக்குப் போக முடியும். கம்யூனிட்டி காலேஜ்கள் அதில் இருக்கும், ஆனாலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, கற்போர் உரிமம். அது கையில் வந்து 14 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வு. போதைப்பொருள் சோதனை உண்டு. எங்கள் மாணவர்கள் பயப்படுவது பின்னோக்கி நிறுத்துவதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதைவிட வண்டியைச் சுற்றிவந்து பார்க்கும் சோதனைக்குத்தான் அதிகம் திணறுகிறார்கள். ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி, அதன் பெயரையும், அது விரிசல் விடாமல், வளையாமல், உடையாமல், உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில். ஏர் பிரேக்கை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கவில்லை என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஏர் பிரேக் சோதனையில் ஒரு படியை விட்டாலும் அன்றைய தேர்வு முடிந்தது. நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்களே இந்த ஒப்பித்தலில் தவறியிருக்கிறார்கள். குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்; ஆங்கிலம் தெரிவது வேறு, அதிகாரி எதிரில் தடையில்லாமல் வருவது வேறு.

பெரிய லாரி நிறுவனங்கள் சில "இலவசமாகக் கற்றுத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும். அதிலும் ஒப்பந்தம் உண்டு: ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே வேலை செய்யாமல் விலகினால் பயிற்சிச் செலவு முழுவதையும் கேட்பார்கள். அந்த ஓராண்டு சம்பளம் சந்தை நிலவரத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதோடு ஒப்பிட்டால் கல்லூரியின் மூன்றில் ஒரு பங்கு மலிவு. உரிமம் அவர் சட்டைப்பையில் இருக்கும், யாரிடமும் போகலாம்.

சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியது நாலைந்து விஷயம். முதல் பங்கில் தேர்வுக் கட்டணமும் மருத்துவச் சோதனையும் சேர்த்தியா? எத்தனையாவது நாள் வரை விலகினால் இரண்டாவது பங்கு மேலே விழாது? முதல் தேர்வில் தவறினால் மறுதேர்வுக்கு வண்டி தருவீர்களா, அதற்குத் தனிக் காசா? ஒரு மாணவர் உண்மையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் நேரம் எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசிக்கலாம். மத்திய விதியில் குறைந்தபட்ச மணிக்கணக்கு எதுவும் இல்லை. ஒரே வண்டியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, மூன்று பேரை வேடிக்கை பார்க்க விடும் இடங்களும் உண்டு.

கடைசியாக, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்திய சட்டத்தில், குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் பெல் கிராண்ட் தரும் ஏற்பாடு வந்துவிட்டது. 2026 ஜூலை 1 முதல் நடைமுறை. பயிற்சி 8 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள், 150 மணிக்குக் குறையாமல் 600 மணிக்குள் இருக்க வேண்டும். முடிப்பவர் 70 சதவீதம், வேலை கிடைப்பவர் 70 சதவீதம் என்று காட்ட வேண்டும். எந்தப் பயிற்சிக்குத் தகுதி என்பதில் மாநில ஆளுநரின் ஒப்புதலும் தேவை. மாநிலங்கள் பத்தாண்டு செய்து பார்த்ததை மத்திய அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் கவனியுங்கள்: நாலு வாரம், ஆறு வாரம் நடக்கும் லாரி வகுப்பு இதற்குள் வராது. அவற்றுக்கு மாநிலச் சட்டம்தான் கதி. மத்தியப் பணத்துக்காக ஆறு வார வகுப்பை எட்டு வாரமாக இழுக்கும் நிலையங்கள் வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மணிக்கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அந்த இரண்டு வாரம் சும்மா கிடைப்பதில்லை. எட்டு வாரம் என்று யாராவது சொன்னால், கூடுதல் இரண்டு வாரத்தில் என்ன கற்றுத் தருகிறீர்கள் என்று உங்கள் தம்பி கேட்கட்டும்.